நல்ல முதலாளி இருக்கச் சங்கம் எதற்கு?



மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கபிலையாற்றின் கரையில் அமைந்துள்ளது நஞ்சன்கூடு. நஞ்சுண்டேசுவரர் திருக்கோயிலாலும், ரசபாளை என்னும் வாழைப்பழத்தாலும், பல்பொடியாலும் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற ஊர் அது. இன்று அவ்வூரைச் சூழ்ந்து ஆலைகள் பல எழுந்துள்ளன. காப்பித்தூளும் மருந்தும் காகிதமும் மின்னணுப் பலகையும் அங்கே உருவாகின்றன. தந்தையர் ஏர் பிடித்த குடும்பங்களின் மக்கள், இன்று விடியற்காலையில் ஆலைப் பேருந்துக்காகச் சாலையோரம் காத்து நிற்கின்றனர்.

இத்தகைய ஊர்களில் இளந்தொழிலாளர் முன் ஒரு கேள்வி எழுகின்றது. வேலை செய்யும் ஆலை நல்ல ஆலை என்று வைத்துக்கொள்வோம். ஊதியம் நாள் தவறாமல் வருகின்றது. உணவுச்சாலையில் வயிறார உணவு கிடைக்கின்றது. நோய் வந்தால் மருத்துவச் செலவுக்கு வழி உண்டு. மேலாளர் பெயர் சொல்லி அழைத்துக் குடும்ப நலம் விசாரிக்கின்றார். இந்நிலையில் ஒருவர் வந்து, "சங்கத்தில் சேருங்கள்" என்கின்றார். வீட்டிலுள்ள பெரியவர்களோ, "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே" என்று தடுக்கின்றனர். எவர் சொல்லைக் கேட்பது? முதலாளி நல்லவராக இருக்கும்போது தொழிற்சங்கத்தால் ஆகும் பயன் யாது? இதனையே இன்று நாம் சீர்தூக்கிப் பார்க்கப் புகுகின்றோம்.

முதற்கண், சங்கம் வேண்டாம் என்பார் கூற்றைச் செவிசாய்த்துக் கேட்பது முறை. அவர் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. சங்கத்தில் சேர்ந்தால் சந்தா கட்ட வேண்டும். ஆலையின் உள்நிலை அறியாத வெளியார் தலைமைக்கு வந்து, தம் கட்சியின் மேடையாக அதனை ஆக்கிக்கொள்வதும் உண்டு. ஓர் ஆலையில் மூன்று சங்கம் தோன்றி, ஒன்றையொன்று வெல்லும் பொருட்டு ஒன்றைவிட ஒன்று பெருங்கோரிக்கை எழுப்புதலும் உண்டு. வேலைநிறுத்தம் வந்துவிட்டால், அடுப்பு அணைவது முதலாளியின் வீட்டில் அன்று, தொழிலாளியின் வீட்டில்தான். எல்லாவற்றிற்கும் மேலாக, தந்தையும் மக்களும் போல் பழகிய இடத்தில் வழக்காளியும் எதிர்வழக்காளியும் போல் நிற்கும் நிலை வந்துவிடும் என்னும் அச்சமும் உண்டு. இவற்றை வெறும் முதலாளிமாரின் கட்டுரை என்று தள்ளிவிட இயலாது. நேர்மையான தொழிலாளர் பலரும் இவ்வாறே எண்ணுகின்றனர்.

இவ்வெண்ணத்தை உரைத்துப் பார்க்கத் தக்க உரைகல் நம் நாட்டுத் தொழில் வரலாற்றிலேயே உள்ளது. இந்தியாவில் முறையாக அமைந்த தொடக்ககாலத் தொழிற்சங்கங்களுள் ஒன்று, கொடிய முதலாளி என்று ஊரார் தூற்றிய ஓர் ஆலையில் தோன்றவில்லை. தொழிலாளர் நலத்திற்குப் பெயர் பெற்றிருந்த ஆலையிலேயே தோன்றிற்று. சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் பின்னி நிறுவனத்தார் நடத்திய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளே அவை. அந்நிறுவனத்தாரின் ஆலை பெங்களூரிலும் இருந்தமையால், மைசூர்ச் சீமையிலும் அப்பெயரை அறியாதார் இலர். பெரம்பூர் ஆலையில் பள்ளிக்கூடம் இருந்தது, மருந்தகம் இருந்தது, குறைந்த விலைக்குப் பண்டம் தரும் கடை இருந்தது, நெடுங்காலம் உழைத்தவர்க்குப் பணிக்கொடை இருந்தது. அக்காலத்தில் இத்துணை வசதி பெற்றிருந்த ஆலைத் தொழிலாளர் மிகச் சிலரே.

அவ்வாறிருந்தும் அத்தொழிலாளர் நெஞ்சில் ஆறாக் குறைகள் இருந்தன. நண்பகல் உணவுக்கு விடப்பட்ட நேரம் அரைமணிதான். ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் கைகழுவி, உண்டு, தம் இடத்திற்கு மீள அந்நேரம் போதவில்லை. அதிகாரிகள் சிலர் கடுஞ்சொல் வீசினர், கையும் ஓங்கினர். பள்ளிக்கூடம் கட்டித் தந்த முதலாளிக்கு இவை தெரியாமற் போனது எவ்வாறு? தெரிவிக்க வழியில்லாமையே காரணம். தனியொருவர் சென்று முறையிட்டால், முறையீடு எந்த அதிகாரியைப் பற்றியதோ அவரிடமே அது திரும்பி வரும். மறுநாள் முறையிட்டவரின் வேலை போகும். ஆகவே, தொழிலாளர் தம் துயரை ஆலைக்கு வெளியே சொல்லி ஆறினர். பெரம்பூரில் வணிகம் நடத்திய செல்வபதி செட்டியாரும், இராமானுசலு நாயுடுவும் அதனைக் கேட்டனர். அவ்விருவரும் பி. பி. வாடியாவை அணுகினர். திரு. வி. க.வும் துணை நின்றார். 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. உணவு இடைவேளை பத்து நிமிடம் நீண்டது அதன் தொடக்ககால வெற்றிகளுள் ஒன்று.

பத்து நிமிடந்தானே என்று நாம் எண்ணலாம். ஆயினும், அந்தப் பத்து நிமிடத்தின் விலை முதலாளிக்குப் பெரிதன்று.  கேட்டவுடன் தந்திருக்கக்கூடிய ஒன்றே அது. கேட்க நாவில்லாமையால் கிடைக்காமல் இருந்தது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பர். அழுவதற்கே அஞ்சும் பிள்ளையின் பசியை எத்துணை அன்புள்ள தாயும் அறிதல் அரிது. நல்ல முதலாளி தாம் கண்ட குறையைத் தீர்ப்பார்; காணாத குறையைத் தீர்ப்பது எங்ஙனம்? அவர் கண்ணுக்கும் தறிக்கும் இடையே மேஸ்திரி, மேற்பார்வையாளர், மேலாளர் என்று பல திரைகள் தொங்குகின்றன.

அதன் பின் நிகழ்ந்தவை துயரமானவை. 1920-இல் கதவடைப்பும், துப்பாக்கிச் சூடும், சங்கத் தலைவர்கள் மீது உயர்நீதிமன்ற வழக்கும் தொடர்ந்தன. நீதிமன்றம் சங்கத்தாரின் கையைக் கட்டும் தடையாணை வழங்கிற்று. 1921-ஆம் ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தம் தொழிலாளரையே இரு பிரிவாக்கி, புளியந்தோப்புப் பகுதியில் குருதி சிந்தும் கலவரமாய் முடிந்தது. சங்கம் தவறே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. ஆயினும், இதனால் விளைந்த நன்மைகள் இரண்டு. சங்கம் நடத்துவதே குற்றமாகிவிடக் கூடாது என்னும் கிளர்ச்சி வலுப்பெற்று, 1926-இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. மற்றொன்று, அந்த ஆலையாரே 1922-இல் தொழிலாளர் தேர்ந்தெடுத்த உறுப்பினரும் நிருவாகத்தாரும் ஒருங்கு அமரும் நலக்குழு ஒன்றை அமைத்தனர். இத்தகைய குழு ஆலைக்குள் சிறு குறைகளை நன்கு தீர்க்கும். ஆனால், குழுவை அமைத்தவர் அதனைக் கலைக்கவும் வல்லவர் என்பதை நாம் மறத்தலாகாது. சங்கம் அத்தகையதன்று, தொழிலாளரே தம் சந்தாவால் ஊன்றி வளர்த்த மரம் அது.

அகமதாபாத்தில் நிகழ்ந்தது இதனினும் சுவையானது. அம்பாலால் சாராபாய் என்னும் ஆலை முதலாளி ஈகைக் குணம் உடையவர். காந்தியடிகளின் ஆசிரமம் பொருள் முட்டுப்பாட்டில் இருந்தபோது கைகொடுத்தவர். அவருடைய தமக்கையார் அனசூயா அம்மையாரோ தொழிலாளர் பக்கம் நின்றவர். 1917-இல் கொள்ளைநோய் பரவியபோது, தொழிலாளர் ஊரை விட்டு ஓடாதிருக்க ஆலைகள் கொள்ளைநோய்ப் படி வழங்கின. நோய் தணிந்ததும் அதனை நிறுத்த முனைந்தனர். அதற்குள் விலைவாசி ஏறிவிட்டிருந்தது. முதலாளிகள் 20 சதவீத உயர்வு தருவோம் என்றனர். காந்தியடிகள் இரு பக்கக் கணக்கையும் ஆராய்ந்து 35 சதவீதமே தக்கது என்றார். 1918 மார்ச்சில் அவர் மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தார். வழக்கு நடுவரிடம் சென்றது. நடுவர் ஆனந்தசங்கர் துருவா அளித்த தீர்ப்பும் 35 சதவீதமே.

இதில் நாம் கருதத் தக்கது யாது? 20 என்று சொன்ன அம்பாலால் தீயவர் அல்லர். தாம் சொன்னது நியாயம் என்றே நம்பியிருத்தல் கூடும். நல்ல மனம் இருந்தாலும், தன் வழக்கில் தானே நடுவராக இருப்பவர்க்குத் தராசு சற்றே தம் பக்கம் சாய்வது இயல்பு. மூன்றாம் ஒருவர் முள்ளைப் பார்த்தபோதுதான் சரியான நிறை தெரிந்தது. அவ்வாறு பார்க்கச் செய்தது தொழிலாளரின் ஒற்றுமை. 1920-இல் அங்கே எழுந்த மசூர் மகாஜன் என்னும் சங்கம், வழக்குகளை நடுவரிடம் விடும் முறையைத் தன் கொள்கையாகவே கொண்டது. தம்பியும் தமக்கையுமாய் வாழ்ந்தவரிடையேகூட வழக்கு வரும். வந்தால் தீர்க்க ஒரு முறை வேண்டும் என்பதே அந்நகரம் நமக்குக் காட்டும் பாடம்.

ஜாம்ஷெட்பூரையும் ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். டாட்டா இரும்பாலையில் 1912-இல் எட்டுமணி நேர வேலையும், 1915-இல் இலவச மருத்துவ உதவியும், 1920-இல் சேமநிதியும் வந்தன. சட்டம் கட்டாயப்படுத்தும் முன்பே தாமாக முன்வந்து அளித்தவை இவை. அந்த ஆலையிலும் 1920-இல் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 1928-இல் நீண்டதொரு வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. பின்னர் ஆலையாரும் சங்கமும் பகைமை விட்டுப் பழகக் கற்றனர். 1956-இல் இரு சாராரும் செய்துகொண்ட உடன்படிக்கையால், ஆலை நடப்பைப் பற்றிக் கூடிப் பேசும் மன்றங்கள் அமைந்தன. தொழில் அமைதிக்கு அந்த ஆலையை எடுத்துக்காட்டாகக் கூறுவோர், அமைதிக்கு நற்கொடை மட்டும் காரணம் என்பர். கொடையும் சங்கமும் கைகோத்த பின்னரே அமைதி நிலைத்தது என்று வரலாறு கூறுகின்றது.

இனி, நல்ல முதலாளியின் நன்மை எத்துணை நாள் நிற்கும் என்னும் கேள்வி உள்ளது. அமெரிக்க நாட்டில், சிகாகோ நகரின் அருகே, புகைவண்டிப் பெட்டிகள் செய்த ஜார்ஜ் புல்மன் தம் தொழிலாளர்க்கென்றே ஓர் ஊர் அமைத்தார். செங்கல் வீடு, பூங்கா, நூலகம் எல்லாம் அதில் இருந்தன. உலகத்தார் வந்து பார்த்து வியந்தனர். 1893-இல் வணிகம் தளர்ந்தது. அவர் ஊதியத்தை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைத்தார். வீட்டு வாடகையையோ ஒரு காசும் குறைக்கவில்லை. அதனைச் சொல்லச் சென்ற தூதுக்குழுவினர் மூவருக்கு வேலை போயிற்று. 1894-இல் மூண்ட வேலைநிறுத்தம் நாடெங்கும் இருப்புப்பாதைகளை நிறுத்திற்று. படைகள் வந்து அடக்க நேர்ந்தது. அழகிய ஊர் இருந்தது; அதில் வாழ்ந்தவர்க்கு ஒரு சொல் சொல்லும் உரிமை இல்லை. நல்ல காலத்தில் அக்குறை தெரியவில்லை. தாழ்வு வந்த அன்று அதுவே பெருங்குறையாகத் தெரிந்தது.

முதலாளி மாறாவிட்டாலும் காலம் மாறும். பல வேளைகளில் முதலாளியே மாறிவிடுவார். நிறுவனம் கைமாறும், பங்குகள் விற்கப்படும், மேலாளர் இடம் மாறுவார். நஞ்சன்கூட்டுத் தாலுகாவிலேயே இதற்குச் சான்று உண்டு. பெயர் பெற்ற ஆடைத்துணிகளை நெய்த ரீட் அண்ட் டெய்லர் ஆலை, கடன் சுமையால் 2018-இல் திவால் சட்ட நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. 2019-இல் நிறுவனத்தைக் கலைக்கும் ஆணை பிறந்தது. ஆலையை மூடிப் பகுதி பகுதியாக விற்காமல், இயங்கும் தொழிலாகவே விற்க வேண்டும் என்று ஊழியர் தரப்பு தீர்ப்பாயத்தின் முன் வேண்டிற்று. அத்தகைய நாளில், நேற்றுவரை நலம் விசாரித்த மேலாளரும் தம் வேலையைத் தேடும் நிலையில் இருப்பார். வங்கிகள் தம் கடனுக்கு வழக்கறிஞரை அமர்த்தும். தொழிலாளியின் சேமநிதிக்கும் பணிக்கொடைக்கும் பேச எவர் உளர்? ஒன்றுகூடி நிற்கும் ஓர் அமைப்பு இருந்தாலன்றி, தனித்தனியே நிற்பவரின் குரல் அம்மன்றத்தில் ஏறாது.

நல்ல ஊதியம் தருகின்ற இடத்திலும் சங்கம் கேட்பது வெறும் பணப்பேராசையா? நம் காலத்திலேயே இதற்கு விடை கிடைத்துள்ளது. காஞ்சிபுரம் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரத்தின் அருகிலுள்ள சாம்சங் ஆலையின் தொழிலாளர், 2024 செப்டம்பர் 9-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவ்வட்டாரத்தில் அதே வகை வேலை செய்வோர் பெறும் சராசரி ஊதியத்தைப்போல் 1.8 மடங்கு தாம் தருவதாக நிறுவனத்தார் கூறினர். தொழிலாளர் ஊதிய உயர்வு கேட்கவே செய்தனர். ஆயினும், அவர்கள் முன்வைத்த முதற்கோரிக்கை தம் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பதே. 37 நாள் கழித்து வேலைநிறுத்தம் முடிந்தது. 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு திங்களுக்கு மேல் ஊதியத்தை இழந்து நின்றது எதற்காக? நம்மைப் பற்றிய முடிவில் நம் சொல்லும் கேட்கப்பட வேண்டும் என்னும் மானத்திற்காகவே என்று நாம் கொள்ளலாம்.

நல்ல முதலாளி என்னும்போது, யாருக்கு நல்லவர் என்றும் கேட்க வேண்டும். இன்று பல ஆலைகளில் ஒரே கூரையின்கீழ் இருவகைத் தொழிலாளர் உளர். நிலையான வேலையில் இருப்போர் ஒருவகையினர். ஒப்பந்தக்காரர் வாயிலாக வந்தோர் மற்றொரு வகையினர். ஒரே எந்திரத்தின் இரு பக்கம் நிற்பினும், ஊதியமும் விடுப்பும் வேறு. முன்னவரிடம் கேட்டால் முதலாளி நல்லவர் என்பார். பின்னவருக்கு முதலாளி யார் என்றே தெரியாது. 2020 டிசம்பரில் கோலார் மாவட்டம் நரசாப்புரத்தில், விஸ்ட்ரான் என்னும் கைப்பேசி ஆலையில் ஊதியக் குறைவால் கொதித்தெழுந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஆலையையே அடித்து நொறுக்கினர். அச்செயல் தவறானதே. ஆனால், குறையைச் சொல்லும் வாயில் அடைபட்ட இடத்தில் சினம் சுவரை உடைத்துக்கொண்டு வெளிவரும் என்பதற்கு அது சான்று.

இங்கே சங்கத்தாரும் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். நிலையான தொழிலாளருக்கு மட்டும் பேசிவிட்டு, அருகில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியைக் காணாதது போலிருக்கும் சங்கம், தான் குறைகூறும் முதலாளியினும் எவ்வகையிற் சிறந்தது? நல்ல ஆலையிலே சங்கம் நடத்துவது கெட்ட ஆலையில் நடத்துவதினும் கடினமான வேலை. கெட்ட ஆலையில் முழக்கம் போதும். நல்ல ஆலையில் கணக்குத் தெரிய வேண்டும். ஆலையின் வரவு செலவைப் படிக்கத் தெரிய வேண்டும். நச்சுப்புகையும் எந்திரக் காப்பும் பற்றிய அறிவு வேண்டும். தந்ததைத் தந்தது என்று சொல்லும் நேர்மை வேண்டும். சந்தாப் பணத்திற்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். வேலைநிறுத்தம் என்னும் படைக்கலம் உறையில் இருக்கும்போதே மதிப்புடையது. சிறு காரியத்திற்கெல்லாம் உருவினால் முனை மழுங்கிப் போகும்.

சட்டம் இதற்குப் பாதை அமைத்துள்ளது. சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்பின் 19-ஆம் உறுப்பு குடிமக்கள் எல்லோர்க்கும் அளிக்கின்றது. முதலாளி நல்லவரா, தீயவரா என்று அது கேட்கவில்லை. 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஓர் ஆலையில் பல சங்கங்கள் இருப்பின் 51 சதவீதம் தொழிலாளரை உறுப்பினராகக் கொண்ட சங்கமே நிருவாகத்தோடு பேசும் உரிமையுடைய தனிச்சங்கம் ஆகும். இருபது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க் குழுவும் இருத்தல் வேண்டும். சங்கங்களின் போட்டியால் ஆலை சீர்கெடும் என்று முதலில் நாம் கேட்ட அச்சத்திற்கு இது ஓரளவு விடையாகும். மற்றோர் அளவு விடை தொழிலாளர் கையில் உள்ளது. வெளியார் வந்து தலைமை தாங்குவது, உள்ளே இருப்போர் ஒதுங்கி நிற்பதனால்தான். நல்ல ஆலையில் நல்லவர்கள் சங்கத்தை விட்டு விலகி நின்றால், சங்கம் எவர் கைக்குப் போகும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

நஞ்சன்கூட்டில் பங்குனித் திருவிழாவின்போது ஐந்து தேர்கள் வீதிவலம் வருகின்றன. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கின்றனர். இத்தகைய பெருந்தேர் ஓடும்போது, சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுவோரும் உடன் செல்வர். முட்டுக்கட்டை போடுகிறான் என்பதை நாம் வசையாகவே வழங்குகின்றோம். தேரோட்டத்தில் அது வசையன்று. வீதி வளையும் இடத்தில் தேரைத் திருப்புவது அக்கட்டை. சரிவில் தேர் ஆட்கள்மேல் ஏறாமல் தடுப்பதும் அதுவே. இடவேண்டாத இடத்தில் இட்டால் தேர் நிற்கும் என்பதும் உண்மை. அதனால், கட்டையை வீசி எறிந்துவிட்டுத் தேரை இழுப்பார் எவரும் இலர். இடத் தெரிந்தவர் கையில் அதனைக் கொடுப்பர். தொழிற்சங்கமும் அத்தகையதே.

ஆகவே, நல்ல முதலாளி இருக்கச் சங்கம் எதற்கு என்னும் கேள்விக்கு நாம் கூறும் விடை இது: அவர் காணாத குறையை அவருக்குக் காட்டுவதற்கு, அவர் மனமுவந்து தந்ததை, அவருக்குப் பின்னும் எவரும் பறிக்க முடியாத எழுத்தாக ஆக்குவதற்கு, அவர் நன்மை எட்டாத தொழிலாளிக்கும் அதனை எட்டச் செய்வதற்கு. அருளாக வந்தது அருளாளர் போனால் போய்விடும். உடன்படிக்கையாக நின்றால் நிற்கும். நல்ல முதலாளி இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. தாம் செய்த நன்மை தமக்குப் பின்னும் வாழ வேண்டும் என்று விரும்புவாராயின், அதனைக் காக்கும் கைகள் தம் ஆலையிலேயே இருப்பது கண்டு அவர் மகிழத்தான் வேண்டும். சங்கத்தில் சேரும் தொழிலாளி உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் ஆகமாட்டான். அவன் உண்பது தன் உழைப்பின் உணவு. அவ்வீடு நெடுநாள் நிலைக்க வேண்டும் என்னும் அக்கறை அவனுக்கும் உண்டு. அவ்வக்கறையைச் சங்கம் தன் செயலால் மெய்ப்பிக்குமானால், முதலாளியும் தொழிலாளியும் ஒரே வடத்தைப் பிடிப்பர்.